வேட்டி கட்டிய யானை

நான் பார்த்ததிலேயே அழகான காடு ஒரு கப்பலின் மேல்தளத்தில் இருந்தது. ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, மாடிக்குப் போனால் மேற்கே மலையைப் பார்த்து வளர்ந்தவள், காடு பார்க்கக் கடலுக்கா போனாய் என்று கேட்பார்கள். போனேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் காட்டில் மரமெல்லாம் அட்டை, கொடியெல்லாம் பிளாஸ்டிக், குயில் கூவியது ஸ்பீக்கருக்குள் இருந்து. ஆனாலும் அங்கே ஒரு யானை இருந்தது. அது வேட்டி கட்டியிருந்தது.

எங்கள் அப்பாவுக்குப் பெயிண்ட் கடை. நன்றாக விற்றுக் கொடுக்கும் கடைக்காரர்களை வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிக்காரர்கள் எங்காவது கூட்டிப்போவார்கள். அதற்கு டீலர் டூர் என்று பெயர். வழக்கமாக ஆண்கள் மட்டும் போய், கறுத்துப்போன முகத்தோடும் ஒரே மாதிரித் தொப்பியோடும் திரும்புவார்கள். அந்த வருஷம் என்ன நல்ல புத்தி வந்ததோ, குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். கொச்சியில் கப்பல் ஏறி, மூன்று நாள் கடலைச் சுற்றிவிட்டு, கொச்சியிலேயே இறங்க வேண்டும். அப்பா இந்தச் செய்தியைச் சொன்னபோது நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை.

"ராஜபாளையத்துல இருந்து யாரு வாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்?" என்று அப்பா முந்தின நாள் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

அவருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ராஜபாளையத்தில் அந்தக் கம்பெனி பெயிண்டை அதிகமாக விற்பவர் ஒரே ஒருத்தர்தான். அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா. அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் அப்பாவைக் கம்பெனிக்காரர்களிடம் கூட்டிப்போய், இவர் நம்ம மாப்பிள்ளை என்று முன்னால் நிறுத்தி, கடை போட வைத்தவரே அவர்தான். அப்படிப்பட்டவரோடு நாங்கள் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். அதற்குக் காரணம் என் காது.

ஐந்து வயதில் எனக்குக் காது குத்தினார்கள். எங்கள் பக்கம் காதுகுத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். வேறு யார் மடியும் ஆகாது. மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. அம்மாவைத் தவிர மாமாவுக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. அதனால் உரிமையோடு அவர் மடியில் ஏறி உட்காரக்கூடிய பிள்ளை உலகத்தில் நான் ஒருத்திதான். அந்தக் காரியத்தைச் சும்மா செய்ய மாமாவுக்கு மனசு வரவில்லை. பட்டுப்பாவாடை, பழம், பலகாரம் என்று சீர்த்தட்டுகளை டெம்போவில் ஏற்றி, மேளக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து கிளம்பினார். வழியில் ரயில்வே கேட்டை அடைத்துவிட்டார்கள். ஒரு சரக்கு ரயில் நின்று நிதானமாகப் போயிருக்கிறது.

வன்னியம்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் எல்லோரும் காத்திருந்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஒருவர், காது குத்த வந்த ஆசாரி அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒருவர், அப்பாவை நாலு பக்கமும் நின்று அரித்தார்கள். அப்பா பொறுமை இழந்து, தன் பெரியப்பா மகன் மடியில் என்னை உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். மேளச் சத்தம் கேட்டபோது என் இரண்டு காதிலும் தங்கக் கம்பி ஏறியிருந்தது.

மாமா டெம்போவிலிருந்து இறங்கி வந்து என் காதைப் பார்த்தார். அத்தோடு விட்டிருந்தால் அம்மா அழுதாவது சரிக்கட்டியிருப்பாள். செய்தது தப்பு என்று தெரிந்ததால்தானோ என்னவோ, அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேரத்துக்கு வரத் தெரியாத ஆளுக்கு மடி எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். பிள்ளை இல்லாத மனுஷனைப் பார்த்துக் கேட்கக்கூடாத கேள்வி அது. மாமா சீர்த்தட்டுகளைச் சாமி முன்னால் இறக்கி வைக்கச் சொன்னார். இனிமேல் உங்கள் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு டெம்போவில் ஏறினார். நானும் மிதிக்க மாட்டேன் என்றார் அப்பா.

அரை மணி நேரப் பஸ் பயணத்தில் இருந்த பிறந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு அம்மா போகவில்லை. போகாதே என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. போய் வா என்றும் சொன்னதில்லை. தென்காசிப் பஸ்ஸில் ராஜபாளையத்தைக் கடக்கும் போதெல்லாம் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மாமா கடையின் போர்டைப் பார்ப்பாள். போர்டு மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்த வயதில் புரிந்தது, இத்தனையும் என் காதால் வந்தது என்பது மட்டும்தான்.

கம்பெனி பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்தில் நின்றது. மாமாவும் அத்தையும் ஏறினார்கள். மாமா நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பஸ் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. எனக்கு மாமாவைப் பார்த்தாலே பெருமையாக இருக்கும். யார் வீட்டு ஆள் உயரம் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு வந்தால், பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் மறந்து மாமாவைத்தான் இழுப்பேன். அவர் பார்வை என் பக்கம் திரும்பியபோது சடை இரண்டையும் முன்னால் இழுத்துக் காதை மறைத்துக்கொண்டேன். அப்பா வெளியே இருந்த டீக்கடையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

செங்கோட்டை தாண்டி மலை வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, எனக்கு வயிற்றைப் புரட்டி வாந்தி வந்துவிட்டது. செத்த நேரத்தில் பின்னாலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் கைக்குக் கை மாறி எங்கள் சீட்டுக்கு வந்து சேர்ந்தது. யார் கொடுத்தது என்று அப்பா கேட்கவில்லை. வாங்கி என் மூக்கருகில் வைத்தார்.

உலகத்திலேயே பெரியது எங்கள் ஊர்த் தேர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கொச்சியில் கப்பலைப் பார்த்ததும் தேருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது. உள்ளே லிஃப்ட் இருந்தது, சினிமாக் கொட்டகை இருந்தது, கடலுக்கு நடுவே போகிற கப்பலின் உச்சியில் ஒரு நீச்சல் குளமும் இருந்தது. இத்தனை தண்ணீருக்கு மேல் எதற்கு இன்னொரு தண்ணீர் என்று அம்மா கேட்டாள். ஆனால் அவள் கண் தண்ணீரில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நூறு வகை வைத்திருந்தார்கள். அம்மா அதையும் பார்க்கவில்லை. நாலு மேசை தள்ளி மாமா தட்டில் என்ன எடுத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, "தயிர்ச்சோறு மட்டும் திங்காக. வயிறு சரியில்லையோ என்னமோ" என்று உப்பு டப்பாவிடம் சொன்னாள். அப்பாவும் உப்பு டப்பாவும் பதில் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலையில் எங்கள் அறைக் கதவுக்கு அடியில் ஒரு பச்சைக் காகிதம் கிடந்தது. இன்று மாலை மேல்தளத்தில் காட்டு விருந்து, அனைவரும் விலங்குகளாக வரவும் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன். "மனுசனா வாரதுக்கே இங்க சிரமமா இருக்கு" என்றார் அப்பா. ஆனாலும் சாயங்காலம் மூவரும் தலைசீவிக் கிளம்பினோம்.

மேல்தளத்துக் கதவைத் திறந்ததும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். முதல் நாள் நீச்சல் குளம் இருந்த இடத்தில் பச்சை விளக்குகளுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மரங்கள். பரிமாறுகிறவர்கள் தலையில் இலைக் கிரீடம். ஒரு தர்ப்பூசணியை மயிலாகவே செதுக்கி வைத்திருந்தார்கள். அட்டை மரங்களுக்குப் பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது மட்டும் நிஜம். எங்கள் மலையில் நிஜமான யானையும் சிறுத்தையும் இருக்கின்றன. ஆனால் அந்தக் காட்டுக்குள் என்னை யாரும் கூட்டிப்போனதில்லை, போனாலும் அங்கே மாம்பழ ஜூஸ் தரமாட்டார்கள்.

வாசலில் ஒரு பெண் கூடையிலிருந்து முகமூடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது, கைக்கு வந்ததுதான். அம்மாவுக்கு மான் வந்தது. எனக்கு அணில். அப்பாவுக்குக் குரங்கு. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைக்காரர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டு மாட்டிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு யானை வந்தது. பெரிய முகமூடி, காற்றில் ஆடும் துணித் தும்பிக்கை. பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு கிளி. யானை வேட்டி கட்டியிருந்தது. கப்பலில் ஆயிரம் பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரில் வேட்டி கட்டிய ஆள் மாமா ஒருவர்தான். இருந்தாலும் முகமூடி போட்டுவிட்டால் ஆளை யாருக்கும் தெரியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றால், நான் கெட்டிக்காரி. அது யார் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் எங்களை உடனே அறைக்குக் கூட்டிப்போய்விடுவார், ஜூஸும் போய்விடும், காடும் போய்விடும். அதனால் நான் மூச்சு விடவில்லை.

யானையும் கிளியும் கைப்பிடிக் கம்பியோரம் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அந்தச் சமயம் ஸ்பீக்கரில் ஒரு யானை பிளிறியது.

"இதென்ன சத்தம்? தொண்டை கட்டுன மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா. அவளுடைய பிறந்த வீட்டுக்கு மலையடிவாரத்தில் மாந்தோப்பு உண்டு. யானைச் சத்தம் கேட்டு வளர்ந்தவள்.

"நம்ம தோப்புக்கு வாரது வேற மாதிரி கத்தும்" என்றது யானை, கடலைப் பார்த்துக்கொண்டே.

மான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. பிறகு அதுவும் கடலைப் பார்த்தபடி, "சப்பட்டை மரம் இந்த வருசம் காய்ச்சுதா?" என்று கேட்டது.

"எம்புட்டோ காய்ச்சுது. திங்கத்தான் ஆளு வரலை."

யாரோ ஊர்க்காரர் என்று நினைத்து அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள், அப்பா வேறு பக்கத்திலேயே நிற்கிறார். நான் பயந்துபோய்க் குரங்கைப் பார்த்தேன். குரங்கு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தர்ப்பூசணி மயிலை ரொம்ப நேரமாக ஆராய்ந்துகொண்டிருந்தது.

மைக்கைப் பிடித்துக்கொண்டு கம்பெனியின் ஏரியா மேனேஜர் வந்தார். டீலர்கள் கூடுகிற இடம் கல்யாண மண்டபமோ கப்பலோ, மியூசிக்கல் சேர் இல்லாமல் கூட்டம் கலைந்ததாகச் சரித்திரம் இல்லை. பெரியவர், சிறியவர் எல்லோரும் கலந்து ஆடலாம் என்றார். காட்டுக்கு நடுவே நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். அம்மாவும் அத்தையும் கம்பியோரமே நின்றுகொண்டார்கள். நான் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். யானையும் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தும்பிக்கையைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு அது ஓடியதைப் பார்த்து வடக்கத்தி ஆட்கள் எல்லாம் கைதட்டினார்கள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மாமா அவ்வளவு நேர்த்தியாக ஓடினார். பாட்டு நின்ற மறுநொடி நாற்காலியில் இருப்பார். என் மாமா என்று கத்தவேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

முயல், சிங்கம், இரண்டு கரடி எல்லாம் வரிசையாக வெளியேறின. கடைசியில் குரங்கும் யானையும் அணிலும் மிஞ்சினோம். நாற்காலி இரண்டு. பாட்டு நின்றது. யானை உட்கார்ந்துவிட்டது. இன்னொரு நாற்காலி அப்பாவின் முழங்காலுக்கு நேர் பின்னால் இருந்தது. அவர் சும்மா மடங்கினாலே போதும். அந்த நேரம் பார்த்து முகமூடியின் நாடாவைச் சரி செய்துகொண்டு நின்றார். நான் பாய்ந்து அதில் உட்கார்ந்தேன். இப்படியா ஒரு மனுஷர் தோற்பார் என்று எனக்கு அவமானமாக இருந்தது.

இப்போது ஒரே நாற்காலி. யானையும் அணிலும் சுற்றினோம். பாட்டு நின்றபோது நாற்காலி யானைக்கு எதிரில் இருந்தது. ஆனால் யானை உட்காரவில்லை. ஓர் எட்டு விலகி, நீ உட்கார் என்று எனக்குக் கையைக் காட்டியது. நான் ஓடிவந்தேன். அப்போது வெளியே நின்ற குரங்கு பேசியது.

"மச்சான், நீங்க உக்காருங்க. பிள்ளைய மடியில வச்சுக்கோங்க."

யானை அசையாமல் நின்றது. தும்பிக்கை மட்டும் காற்றில் ஆடியது.

"வைங்க மச்சான்" என்றார் அப்பா மறுபடியும். குரல் முகமூடிக்குள் கரகரத்தது. "நேரம் ஒண்ணும் போயிரலை."

பெரியவர்கள் தப்பை ஒத்துக்கொள்வதைப் பிற்பாடு நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சபையில் துண்டை இடுப்பில் கட்டிச் சொன்னவர்கள் உண்டு, வக்கீலை வைத்துச் சொன்னவர்கள் உண்டு. ஒரு குரங்கு முகமூடிக்குள்ளிருந்து என் அப்பா சொன்னதைவிட அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஜெயிக்கப்போகிற மகளை விட்டுவிட்டு எதிராளிக்கு வழி சொல்லிக்கொடுக்கிறாரே!

மாமா உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. என்னை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. என் சடையை அவர் மெதுவாக ஒதுக்கி ஒரு காதைத் தொட்டார். பிறகு இன்னொரு காதைத் தொட்டார். அவர் நெஞ்சு குலுங்கியது என் முதுகில் தெரிந்தது. இந்த உடம்போடு இவ்வளவு ஓடினால் மூச்சு வாங்காதா என்று நினைத்தேன். என் கழுத்தில் சொட்டு சொட்டாக ஈரம் விழுந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டேன். கம்பியோரம் மான் தலையைக் குனிந்து நின்றது. கிளி அதன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் வெற்றி என்று மேனேஜர் அறிவித்தார். பரிசு, கப்பல் படம் போட்ட ஒரு வெள்ளைத் தொப்பி. மாமா அதை வாங்கிய கையோடு என் தலையில் கவிழ்த்தார். அது மூக்கு வரை இறங்கியது. அதற்குள் காட்டில் பாட்டை மாற்றி எல்லோரும் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் தொப்பியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு கால் வலிக்கும்வரை ஆடினேன். அப்பாவும் மாமாவும் மட்டும் முகமூடியைக் கழற்றாமல் கம்பியோரம் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பேசினார்களா என்பதும் தெரியாது.

அறைக்குத் திரும்பியதும் அம்மாவின் காதோடு காதாக ரகசியத்தைச் சொன்னேன். அந்த யானை வேறு யாருமில்லை, மாமா.

"ஏட்டி, நெசமாவா?" என்றாள் அம்மா. அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எனக்குத் தெரியவே இல்லையே. உங்க அப்பாட்ட சொல்லிராத."

நான் சொல்லவில்லை. அப்பா பாவம், ஆள் தெரியாமல் மச்சான் என்று கூப்பிட்டுவிட்டார். எங்கள் ஊரில் கிரிக்கெட் ஆடுகிற இடத்தில் யார் யாரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படிக் கூப்பிட்டிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் முகமூடி ஏதும் இல்லாமல், தட்டோடு மாமா எங்கள் மேசையை நோக்கி வந்தார். பின்னால் அத்தையும் வந்தாள். என்ன ஆகப்போகிறதோ என்று பிட்ட இட்லியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மாமா உட்கார்ந்தார். அம்மா அவர் தட்டில் இருந்த தயிர்ச்சோற்றை எடுத்து ஓரம் வைத்துவிட்டு, இரண்டு இட்லியை வைத்தாள்.

இனியும் சொல்லாமல் இருந்தால் அப்பாவுக்குத் துரோகம் செய்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அவர் குனிந்ததும், நேற்று மச்சான் என்று நீங்கள் கூப்பிட்டது இவரைத்தான் என்று காதில் சொல்லிவிட்டேன்.

"அப்படியா சேதி!" என்றார் அப்பா. அவர் முகத்தில் நிஜமான அதிர்ச்சி தெரிந்தது. "தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா பேசியிருக்க மாட்டனே."

சொல்லிவிட்டுச் சட்னிக் கிண்ணத்தை மாமா பக்கம் நகர்த்தினார். மாமா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவர் தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அப்பாவை நினைத்துக் கவலையாகிவிட்டது. ஒரு முகமூடியைப் போட்டு இவரை இத்தனை சுலபமாக ஏமாற்றிவிடலாம் என்றால், இவர் தனியாக உட்கார்ந்து எப்படிக் கடை நடத்துகிறார்? கப்பல் கொச்சிக்கு வந்து சேரும்வரை நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.